ரீனா நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிப்பையும் கையுமாக மாமனார் வாசலில் வந்து நிற்பார் என்று சபரி நினைக்கவில்லை. அவர் வீடு கட்கியில். இவன் இருப்பது அதே மராத்தி நகரத்தின் இன்னொரு மூலையில், விஷ்ராந்த்வாடியில். ரீனா இறந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே வரத்துப் போக்கு குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. அவளைப் பற்றிப் பேசவும் முடியவில்லை. அவளை விட்டுவிட்டு வேறு எதைப் பேசுவது என்றும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஜெயசீலன் மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ரேடியோ கீதா, இல்லியா?"

"உள்ள வாங்க மாமா. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். ரேடியோ கீதான்னு கேட்டேன். ரீனாது. நம்ம ஃபாக்டரி கேன்டீன் கடையில வாங்கிக் குடுத்தேனே, அது."

"இருக்குதுங்க."

"போடு. ஜல்தி போடு. ஒம்பது மணிக்கு மேல ரீனா பேசுவா."

சபரி அவர் முகத்தைப் பார்த்தான். ஆயுதத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். குடிப்பழக்கம் கிடையாது. கண் தெளிவாகத்தான் இருந்தது.

"கறிக்கடை வரிசையில நின்னுனு இருந்தேன்," என்றார். "கசாப்புக்காரன் ரேடியோ வெச்சிருந்தான். எஃப்எம். ஆண்டு விழாவாம், பழைய போன் காலெல்லாம் திரும்பப் போடறாங்களாம். எதெது வருதுன்னு சொல்லிக்கினே நடுவுல ஒரு சிரிப்பு உட்டான் பாரு... மாப்ள, அது நம்ம ரீனா சிரிப்பு. நான் கறி வாங்கினேனா, துட்டு குடுத்தேனா, ஒன்னும் ஞாபகம் இல்ல. 'விஷ்ராந்த்வாடியிலேர்ந்து ரீனா'ன்னான். ஒம்பது மணி பாட்டுக்கு அப்புறமாம்."

"அங்கயே நின்னு கேட்டிருக்கலாமேங்க."

"கசாப்புக் கடையில நின்னுக்கினு எம்பொண்ணு பேசறதக் கேக்கவா? கத்தி வெட்டற சத்தத்துல?" முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்கும் போவ முடியாது. ரேடியோன்னு ஒன்னு இருந்தா இல்ல? உங்க அத்த அத பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுட்டா. பாட்டுக் கேட்டா எம்பொண்ணு ஞாபகம் வருதுன்றா. அதான் லூனாவ முறுக்கிக்கினு இங்க வந்தேன். நீயும் கேக்கணும் இல்ல?"

சபரி கடிகாரத்தைப் பார்த்தான். எட்டே முக்கால்.

அவள் குரல் வேறு எங்கும் இல்லை. இதை அவன் தேடிப் பார்த்துவிட்டான். கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. கட்கி மண்டபத்தில் எடுத்தது. வீடியோக்காரன் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டை ஏற்றிவைத்திருந்தான். ரீனா வாயைத் திறந்து திறந்து எல்லோரிடமும் என்னவோ சொல்வாள், சிரிப்பாள். கேட்பது பாட்டு மட்டும்தான். அந்தக் கேசட்டை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து உள்ளே வைத்தவன்தான். இப்போதெல்லாம் அவள் முகம் உடனே நினைவுக்கு வருகிறது. குரலைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் சில நாள் வருவதில்லை.

பீரோ மேலிருந்த ரேடியோவை இறக்கினான். துண்டை எடுத்துத் தூசி தட்டினான். கரண்டில் மட்டும் ஓடும் பெட்டி. இங்கே வியாழக்கிழமைகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு ஞாயிறு, நல்ல வேளை. கரண்ட் போகாது.

தொண்ணூற்றொன்பதில் அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது முதலில் வந்து இறங்கிய சாமான் அந்த ரேடியோதான். ரீனா பிறந்து வளர்ந்தது கட்கியில். பூர்வீகம் ராணிப்பேட்டைப் பக்கம். அங்கே அவள் போனதே இல்லை. கசார்வாடியில் சபரி வேலை பார்த்த பட்டறைக்கு அடுத்த ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். சபரி கோயம்புத்தூரிலிருந்து எஞ்சினியரிங் முடித்துவிட்டு வந்தவன். அவன் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு அவன். பேச்சில் பாதி இந்தியும் மராத்தியும் கலந்திருக்கும். "சாய் போடட்டா, இல்ல காப்பி வோணுமா கோயம்புத்தூர் சாப்?" என்பாள்.

வந்த அன்றைக்கே ரேடியோவைத் திருகினாள். உஸ்ஸென்ற இரைச்சல்.

சபரி ஜன்னலைக் காட்டி விளக்கினான். ஸ்டேஷன் தெற்கே இருக்கிறது. நடுவே எரவாடாப் பக்கத்து மேடு. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும், குன்றைக் கண்டால் நின்றுவிடும். நாம் இருப்பது குன்றின் நிழலில். இங்கே எடுக்காது.

"நிழல்னா வெயில்லதான இருக்கும்?"

"இதுக்கும் நிழல் இருக்குது. கண்ணுக்குத் தெரியாது."

"எடுக்காதா?"

"எடுக்காது."

மறுநாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கப் பாட்டு. ரேடியோ வடக்கு ஜன்னலோரம் அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஏரியல் வடக்கே பார்த்துச் சாய்ந்திருந்தது.

"ஸ்டேஷன் தெக்க இருக்குது. நீ வடக்க பாத்து வெச்சிருக்கிறே."

"எனக்கு இன்னா தெரியும்? நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இங்க வருது, வெச்சேன்."

வடக்கே திகி குன்று. மரமில்லாத மொட்டைப் பாறைச் சரிவு. தெற்கிலிருந்து மேட்டின் தலைக்கு மேலாகப் போகும் அலை அந்தப் பாறையில் மோதி இந்த ஜன்னலுக்குத் திரும்பி வருகிறது என்று சபரி ராத்திரிச் சாப்பாட்டின்போது கண்டுபிடித்தான். சுவரில் அடித்த பந்து மாதிரி. அதையும் விளக்கினான். அவன் தட்டில் இன்னொரு சப்பாத்தியைப் போட்டுவிட்டு, "கண்டுபிடிச்சது நானு. பேரு வெக்கறது நீயி," என்றாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவன் கசார்வாடியை விட்டுச் சாகண் கம்பெனியில் சேர்ந்து, பஸ் பிடித்து இருட்டிய பிறகு வருவான். அவன் சாப்பிடும்போது ரேடியோ பாடும். ரீனா ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நிற்பாள். கீழே ஆளந்தி ரோட்டுக்குப் போகும் வண்டிச் சத்தம். "வந்து உட்காரேன்," என்பான். "இங்கதான் காத்து வருது," என்பாள். அப்புறம் அவன் சொல்வதை விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓர் ஆசை வந்தது. போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று காலையில் வரும். வீட்டில் போன் கிடையாது. முனையில் எஸ்டிடி பூத் இருந்தது.

"நான் பூத்துக்குப் போறேன். நீ ரேடியோகிட்டயே இரு. லைன் கெடச்சிச்சின்னா எம்பேச்சு வரும். ஒரு வார்த்தை உடாம கேட்டுட்டு எனக்குச் சொல்லணும், இன்னா?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் ரேடியோவும் ஓய்ந்தது. இரைச்சல். சபரி ஏரியலை நீட்டினான், மடக்கினான், வடக்கே திருப்பினான், தெற்கே திருப்பினான். அரிசி டின்னோடு நகர்த்தினான். ஒன்றும் நடக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஆள் பேசுவது போலிருந்தது. அது அவளா, வேறு யாராவதா, தெரியவில்லை.

அவள் மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்தாள். "கேட்டியா?" என்றபடி ஜன்னலருகே போய் நின்றாள். பாட்டு கணீரென்று வந்தது. அவள் கேட்ட பாட்டுதான். பாதி முடிந்துவிட்டிருந்தது.

சபரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைக் கையைப் பிடித்து நகர்த்தினான். இரைச்சல். திரும்ப அங்கேயே நிறுத்தினான். பாட்டு.

"நீதான் ஆன்டெனா," என்றான். எஃப்எம் அலை நீளத்தில் பாதி ஏறக்குறைய ஐந்தடி, உன் உயரமும் ஐந்தடி, நீ இந்த இடத்தில் நிற்கும்போது உன் மேல் பட்டுத் தெறித்துப் பெட்டிக்கு வருகிறது என்று கை விரித்து ஒரு பாடமே நடத்தினான். ரீனா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் ரேடியோ மறுபடி போயிற்று. அதற்கும் சிரித்தாள்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?"

"சொல்ல மாட்டேன். நீ கேட்டிருந்தின்னா தெரிஞ்சிருக்கும்."

"என்ன பேசுனேன்னாவது சொல்லு."

"ம்ஹூம். ஆன்டெனாவுக்கு மொதல்ல சம்பளம் குடு."

எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் சிரிப்புதான் பதில். பிறகு மறந்துபோனது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது ரேடியோவை அதே அரிசி டின் மேல், அதே வடக்கு ஜன்னலோரம் வைத்தான். ஏரியலை நீட்டினான். திருகினான்.

உஸ்ஸ்ஸ்.

"மாமா, இங்க வந்து நில்லுங்க. கம்பியில கைய வெச்சு."

ஜெயசீலன் நின்றார். இரைச்சல் கொஞ்சம்கூட அசையவில்லை.

"உங்க உயரம் ஜாஸ்தி. ரீனா அஞ்சடி."

"அதுக்கு நான் இன்னா பண்றது? வெட்டிக்கவா?"

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

அவர் கறிப்பையோடு முழங்காலை மடக்கிக் கூனி நின்றார். இரைச்சல்.

"இன்னும் கொஞ்சம்."

"ஏம் மாப்ள, பள்ளிக்கூடத்துலகூட என்ன இப்பிடி நிக்க வெக்கல."

சபரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தினமும் பார்ப்பதுதான். இன்றைக்குத்தான் உறைத்தது. திகி குன்று இல்லை. அது அங்கேதான் இருக்கிறது, எங்கே போகும்? நடுவே ஏழு மாடிக் கட்டடம் எழும்பி நின்றது. பூச்சு வேலை முடிந்து, ஜன்னல் வைக்காத கட்டடம். அவள் இருந்தபோது அங்கே காலி மனை, ஒரு வேப்பமரம், எருமைகள். குன்றிலிருந்து திரும்பி வருகிற எதுவும் இனி இந்த ஜன்னலுக்கு வராது.

"எடுக்காதுங்க மாமா," என்றான். "பில்டிங் அடைச்சிருச்சு."

"எடுக்காதா?"

"எடுக்காது."

அந்தச் சொல்லைச் சொன்னதும் அவனுக்கே கூசியது. இதே வீட்டில், இதே குரலில், அவளிடமும் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறான்.

ஜெயசீலன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மொட்டை மாடிக்குப் போலாமா?"

"சாவி செக்ரட்டரிகிட்ட. அவர் குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டார். அங்க பிளக்கும் இல்லைங்க."

"அப்போ இன்னா, திரும்பக் கறிக்கடைக்கே போலாமா? போறதுக்குள்ள பேசி முடிச்சிடுவா. அவ என்னிக்கு நமக்காவ நின்னா?" சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல் பையைக் கை மாற்றினார்.

சபரி பெட்டியைத் தூக்கினான். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இங்கே வருது, வெச்சேன் என்று அவள் சொன்னாள் அல்லவா. அவன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எடுக்குமா எடுக்காதா என்று முதலில் மனசில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எடுக்காது என்று வந்தால் உட்கார்ந்துவிடுவான். இன்றைக்குக் கணக்குப் போட நேரமில்லை. படுக்கையறையில் வைத்தான். இரைச்சல். பாத்ரூம் வாசலில், துணி தேய்க்கும் பிளக்கில் மாட்டினான். இரைச்சல். நடுக்கூடத்தில் ஒரு மராத்திக்காரரின் குரல் அரை நொடி வந்து போயிற்று. மணி ஒன்பதைத் தொட்டது.

சமையலறை பாக்கி. அங்கே ஒரே ஒரு பிளக். அதில் ஃப்ரிட்ஜ். அதைப் பிடுங்கிவிட்டு ரேடியோவை மாட்டினான். மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஏரியலைச் சின்ன ஜன்னலை நோக்கித் தள்ளினான். அந்த ஜன்னல் மேற்கே. அதே ஏழு மாடிக் கட்டடத்தின் இன்னொரு சிறகு அங்கே பக்கவாட்டில் நீண்டு நின்றது. உயரமான, வெறும் சுவர். இரைச்சலுக்கு அடியில் எங்கோ தபலா.

"இருக்குது," என்றான் சபரி. "ஏதோ இருக்குது."

"இருந்தா சரி. இந்தக் கறிய உள்ள வெக்கறேன், தண்ணியா உடுது." ஜெயசீலன் அவனைத் தாண்டிப் போய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார்.

பாட்டு முழுசாக வந்தது. கையால் தொடலாம் போல் வந்தது.

"மாமா, அசையாதீங்க!"

அவர் அப்படியே நின்றார். ஒரு கை ஃப்ரிட்ஜ் கதவில், ஒரு கையில் கறி.

"கதவு மூடட்டா?"

"வேண்டாம். வேண்டாங்க. அப்படியே திறந்து புடிச்சுக்கோங்க."

இரும்புக் கதவும் ஆறடி மனிதரும் எதிர்ச் சுவரும் சேர்ந்து என்னவோ செய்திருந்தன. வடக்கே வழியை அடைத்த கட்டடம் மேற்கே திருப்பிவிட்டிருக்கலாம். சபரி யோசிக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் இந்தியில் பேசினார். தொண்ணூற்றொன்பதில் வந்த ஓர் அழைப்பு, எங்கள் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பிடித்தது என்றார். போன் மணி. பிறகு, பின்னால் லாரி ஹார்ன் அலற, பூத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஹலோ? ஹலோ? லக் கயா க்யா?" லைன் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள்.

ஜெயசீலன் குரல் வந்த பக்கம் திரும்பினார். ரேடியோ கரகரத்தது. அவர் பல்லைக் கடித்து நிலைத்து நின்றார்.

பெயர் ரீனா, விஷ்ராந்த்வாடி என்றாள். பாட்டுப் பேரைச் சொன்னாள். யாருக்காக என்று அறிவிப்பாளர் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு, ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள். பெரிய எஞ்சினியர், குன்றுக்குப் பின்னால் எஃப்எம் எடுக்காது என்று படித்துவிட்டு வந்தவர், நான் எடுக்க வைத்தேன் என்றாள். அறிவிப்பாளர் சிரித்து, அது எப்படி என்றார். அது பரம ரகசியம், ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது, எங்கள் பாஷையில் அவரிடம் மட்டும் சொல்லட்டுமா என்றாள். சொல்லுங்கள் என்றார் அவர்.

ஊரே கேட்கிறது என்பதால் முதலில் மரியாதையோடு ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"இன்னாங்க, கேக்குதா? ஐயோ, நான் இங்க வந்துட்டேனே, உனக்கு எங்க கேக்கப்போவுது! அந்த ஜன்னலாண்ட போய் நில்லு. நான் தெனம் நிக்கிற எடம். அங்க ஆள் நின்னாதான் வரும், எனக்கு மொத நாள்லேர்ந்து தெரியும். உங்கிட்ட சொன்னா நீ பாடம் எடுப்பியேன்னுட்டு சொல்லல. போய் நில்லு. நின்னா கேக்கும்."

பிறகு அந்தச் சிரிப்பு.

அறிவிப்பாளருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவரும் சேர்ந்து சிரித்தார். பாட்டைப் போட்டார்.

சபரி மேடையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. காற்றுக்காக என்றுதானே சொன்னாள். அவன் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு பாட்டுக் கேட்ட அத்தனை சாயங்காலமும் அவள் தெரிந்தேதான் நின்றாள். ரோட்டுச் சத்தத்தில் அவளுக்குப் பாட்டில் பாதி காதில் விழுந்திருக்காது. அன்றைக்கு அவன் கை விரித்துப் பாடம் நடத்தியபோது, தரையில் உட்கார்ந்து எதற்காகச் சிரித்தாள் என்பதும் இப்போது தெரிந்தது.

"கேக்குது," என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

பாட்டு ஓடியது. அன்றைக்கு அவன் கேட்காமல் விட்ட முதல் பாதி. புல்லாங்குழலில் ஆரம்பிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஜெயசீலன் இன்னும் அசையவில்லை. கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை. ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்த கை தோள் வரைக்கும் ஆடியது.

"மாமா, அவ பேசி முடிச்சுட்டா. கைய எடுங்க."

"உட்டா பூடுமே மாப்ள."

சபரி போய், அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக் கதவைப் பிடித்தான். ரேடியோ ஒரு தடவை கரகரத்து அடங்கியது.

"நீங்க அங்க பெட்டிகிட்ட போய் உட்காருங்க. அங்கதான் நல்லாக் கேக்கும்."

"நீ?"

"நான் நிக்கிறேன்."

அவர் கையை எடுத்தார். பாட்டு போகவில்லை.